விதைக்கும் கருவி செய்த கை: ரிச்சர்ட் கேட்லிங்கின் வாழ்க்கை

லங்காவித் தீவிலோ சிங்கப்பூரின் சாங்கியிலோ நடைபெறும் வான்கண்காட்சிக்குச் சென்று வந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அங்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் போர் விமானங்களின் இறக்கைக்கு அடியிலும் வயிற்றுப் பகுதிக்கு அடியிலும் நீண்ட உருளைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சில எரிபொருள் கலன்கள், சில ஏவுகணைகள், சில குண்டுகள். இவற்றோடு இன்னொரு வகை உருளையும் உண்டு. அதன் முனையில் ஒரு துளை இருக்கும். உள்ளே ஒரு துப்பாக்கி, அதற்குரிய தோட்டாக்கள், அதனை இயக்கும் பொறி ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கும். வான்படையினர் இதனைக் 'கன் பாட்' என்பர். நாம் துப்பாக்கிக் கூடு என்று சொல்லிக்கொள்ளலாம். தரையிலுள்ள இலக்குகளைத் தாக்கச் செல்லும்போது இதனை விமானத்தில் மாட்டிக்கொள்வார்கள். தேவையில்லாதபோது கழற்றி வைத்துவிடுவார்கள்.

இத்தகைய கூடுகள் பலவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒற்றைக் குழல் அன்று. ஓர் அச்சைச் சுற்றி வட்டமாக அடுக்கப்பட்ட பல குழல்கள் இருக்கும். சுழன்றுகொண்டே சுடும் இந்த அமைப்புக்கு 1862ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார் ஒருவர். அவர் தம் வாழ்நாளில் ஒரு விமானத்தைக்கூடக் கண்டதில்லை. 1903ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில், அவர் பிறந்த அதே வட கரோலினா மாநிலத்தில், ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்தனர்.

அவர் பெயர் ரிச்சர்ட் ஜோர்டன் கேட்லிங். அவர் மருத்துவம் பயின்றவர். போரில் மடிவோரின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகவே இந்தத் துப்பாக்கியைச் செய்ததாக அவரே கூறியிருக்கிறார். இது கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். ஆனால் அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால், அந்த எண்ணம் எங்கே பிறந்தது, எங்கே வழி தவறியது என்பது விளங்கும். பொறியியலும் மருத்துவமும் பயிலும் நமக்கு அதில் சிந்திப்பதற்கு நிறையவே இருக்கிறது.

பருத்தித் தோட்டத்துப் பையன்

கேட்லிங் 1818ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஹெர்ட்ஃபோர்ட் மாவட்டத்தில் பிறந்தார். தந்தை ஜோர்டன் கேட்லிங் பண்ணையார். அக்கால அமெரிக்கத் தென்மாநிலங்களின் வழக்கப்படி அடிமைகளைக் கொண்டு நடந்த பண்ணை அது. தந்தைக்குப் பொறிகளில் நாட்டம் அதிகம். பருத்தி விதைப்பதற்கு ஒரு கருவியும், நெருக்கமாக முளைத்த செடிகளைக் களைந்து இடைவெளி உண்டாக்க மற்றொரு கருவியும் அவர் உருவாக்கினார். அந்த வேலைகளில் உடனிருந்து உதவிய சிறுவன் ரிச்சர்டுக்குக் கருவிகளின் மொழி இளமையிலேயே பழகிவிட்டது.

பள்ளிப் படிப்புக்குப் பின் அவர் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். சிறிது காலம் ஆசிரியராகவும் பணியாற்றினார். பிறகு ஒரு கடையும் நடத்தினார். ஆனால் மனம் மட்டும் கருவிகளையே சுற்றி வந்தது. இருபது வயதைத் தாண்டிய வேளையில், நீராவிக் கப்பல்களைத் தள்ளும் திருகு வடிவ உந்தி ஒன்றை வடிவமைத்தார். அதற்குக் காப்புரிமை கேட்டுச் சென்றபோதுதான், ஸ்வீடன் நாட்டவரான ஜான் எரிக்சன் தமக்கு முன்னரே அதே கருத்துக்கு உரிமை பெற்றுவிட்டார் என்பது தெரிய வந்தது. இளைஞர் கேட்லிங்குக்கு அது முதல் அடி. கண்டுபிடித்தால் மட்டும் போதாது, காலத்தில் பதிவு செய்யவும் வேண்டும் என்பதை அவர் அன்று கற்றுக்கொண்டார். பின்னாளில் அவர் பெயரில் நாற்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பதிவாயின.

விதைக் கருவி

அடுத்து அவர் செய்தது நெல் விதைக்கும் கருவி. 1844ஆம் ஆண்டு அவர் மிசூரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அது கோதுமை விளையும் வட்டாரம். எனவே, தமது நெல் விதைக் கருவியைக் கோதுமைக்கு ஏற்றவாறு மாற்றியமைத்து அதே ஆண்டில் காப்புரிமையும் பெற்றார்.

அதுவரை விதையைக் கையால் அள்ளி வீசுவதே பெரும்பாலோரின் வழக்கம். வீசிய விதையில் ஒரு பகுதி மண்ணுக்கு மேலேயே கிடந்து பறவைக்கு இரையாகும். கேட்லிங்கின் கருவியோ மேலேயுள்ள தொட்டியிலிருந்து விதையைச் சீரான அளவில் இறக்கி, வரிசை வரிசையாக மண்ணுக்குள் புதைத்தது. விதை மிச்சமானது. விளைச்சலும் கூடியது. கருவி நன்றாக விற்றது. கேட்லிங் கையில் பணம் சேர்ந்தது. இத்தோடு அவர் நின்றிருந்தால், வேளாண் கருவிகளின் வரலாற்றில் ஒரு நல்ல பெயராக மட்டும் இருந்திருப்பார்.

பனியில் சிக்கிய படகு

1845ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவர் வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. வணிக வேலையாக ஆற்றுவழியே நீராவிப் படகில் சென்றுகொண்டிருந்தபோது அவரைப் பெரியம்மை தாக்கியது. ஆறு உறைந்து படகு நகர முடியாமல் நின்றது. மருத்துவர் யாரும் இல்லை. நாள்கள் பல கடந்தன. உயிர் பிழைத்ததே பெரிது என்ற நிலையில் அவர் மீண்டார்.

இனித் தம்மையும் தம் குடும்பத்தையும் நோயிலிருந்து காக்கும் அறிவு தமக்கே வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். மருத்துவம் படிக்கத் தொடங்கினார். 1850ஆம் ஆண்டு சின்சினாட்டி நகரிலுள்ள ஒஹையோ மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தார். அன்று முதல் எல்லோரும் அவரை டாக்டர் கேட்லிங் என்றே அழைத்தனர். ஆனால் அவர் மருத்துவத் தொழில் செய்யவே இல்லை. மீண்டும் கருவிகளிடமே திரும்பினார். இண்டியானாபோலிஸ் நகரில் குடியேறி, 1854இல் அவ்வூர் மருத்துவர் ஒருவரின் மகளான ஜெமைமா சாண்டர்ஸை மணந்துகொண்டார். 1857இல் நீராவிக் கலப்பை ஒன்றையும் வடிவமைத்தார்.

அவர் மருத்துவத்தைக் கற்றுவிட்டுக் கைவிட்டார் என்ற இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். முடிவில் இதற்கே திரும்பி வருவோம்.

1861: போனவர்களும் வந்தவர்களும்

1861ஆம் ஆண்டு அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்க நினைத்த தென்மாநிலங்கள் ஒரு பக்கம், ஒன்றிய அரசு மறு பக்கம். இண்டியானாபோலிஸ் வழியாக இளைஞர்கள் அணி அணியாகப் போர்க்களத்துக்குப் புறப்பட்டுச் சென்றார்கள். சில வாரங்களில் காயமுற்றவர்களும் நோயாளிகளும் திரும்பி வந்தார்கள். பெட்டிகளில் பிணங்களும் வந்தன.

மருத்துவம் பயின்ற கேட்லிங்கின் கண்ணுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இறந்தவர்களில் பலர் குண்டடி பட்டு இறக்கவில்லை. முகாம்களில் பரவிய நோய்களே அவர்களைக் கொன்றிருந்தன. அவர் கண்டது சரியே. அந்தப் போரில் இறந்தவர்கள் சுமார் 6 இலட்சத்து 20 ஆயிரம் பேர் என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த கணக்கு. அதைவிடக் கூடுதல் என்பது பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வயிற்றுப்போக்கு, குடற்காய்ச்சல், தட்டம்மை, மலேரியா போன்ற நோய்களால் மடிந்தவர்கள்.

இதிலிருந்து கேட்லிங் ஒரு முடிவுக்கு வந்தார். நூறு பேர் செய்யும் சண்டையை ஒரே ஓர் ஆள் செய்யும்படியான துப்பாக்கி இருந்தால், பெரிய படை தேவைப்படாது. படை சிறிதானால் முகாம் சிறிதாகும். முகாம் சிறிதானால் நோய்க்கும் குண்டுக்கும் இரையாவோர் குறைவார்கள். இதுதான் அவருடைய கணக்கு. 1877ஆம் ஆண்டு ஒரு பெண்மணிக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் காரணத்தை அவரே விளக்கியிருக்கிறார்.

அந்தக் கடிதம் எழுதப்பட்டது துப்பாக்கி பிறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. அதற்குள் அவர் புகழ்பெற்றுவிட்டார். 1864ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதிபர் லிங்கனுக்கு அவர் எழுதிய கடிதத்தில், கிளர்ச்சியை ஒடுக்க வல்ல கருவி என்றே தம் துப்பாக்கியை முன்வைத்தார். இரண்டில் எது உண்மையான காரணம் என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மனத்தில் இருந்திருக்கக் கூடும். இரக்கமும் வணிகமும் ஒரே மனிதனிடம் குடியிருப்பது அரிதான செய்தி அன்று.

கைப்பிடியைச் சுழற்றினால்

1862ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தத் துப்பாக்கியின் இயக்கம் மிக எளிமையானது. ஆறு குழல்கள் ஓர் அச்சைச் சுற்றி வட்டமாக நிற்கும. பின்னாலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் குழல்களும் சுழலும். ஒவ்வொரு குழலும் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் தோட்டாவைப் பெற்றுக்கொள்ளும், சுடும், வெற்றுக் கூட்டை வெளியே தள்ளும், சற்றே ஆறும். ஒரு குழல் சுடும்போது இன்னொன்று தோட்டாவை வாங்கிக்கொண்டிருக்கும். தோட்டாக்கள் மேலேயுள்ள தொட்டியிலிருந்து தம் எடையாலேயே கீழே இறங்கின. தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும் அந்த ஒழுங்கைப் பார்ப்பவர்க்கு அவருடைய விதைக் கருவி நினைவுக்கு வராமல் போகாது.

ஒற்றைக் குழல் தொடர்ந்து சுட்டால் சூடேறிப் பழுதாகும். ஆறு குழல்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றின் சுமையும் ஆறில் ஒரு பங்காகிவிடும். அன்றைய காலாட்படை வீரர் ஒருவர் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடுவதே பெரும்பாடு. கேட்லிங்கின் முதல் துப்பாக்கியோ நிமிடத்துக்கு சுமார் 200 முறை சுட்டது.

வாங்குவாரில்லை

ஆனால் அதனை வாங்க ஆளில்லை. சின்சினாட்டியில் முதலில் செய்த ஆறு துப்பாக்கிகளும் அவற்றின் வரைபடங்களும் தொழிற்சாலைத் தீவிபத்தில் அழிந்தன. கேட்லிங் தளரவில்லை. வேறொரு தொழிற்சாலையில் மீண்டும் செய்யச் சொன்னார். படைக்கல அதிகாரிகளுக்கோ புதுமையில் நம்பிக்கையில்லை. இவ்வளவு வேகமாகச் சுட்டால் தோட்டா வீணாகும் என்பது அவர்களின் கவலை. மேலும், கேட்லிங் தென்மாநிலத்தில் பிறந்தவர். எனவே அவர் எதிரிகளுக்கு ஆதரவானவர் என்ற ஐயமும் பரவியது.

ஒன்றியப் படைத் தளபதி பெஞ்சமின் பட்லர் மட்டும் 12 துப்பாக்கிகளை 12,000 டாலருக்கு வாங்கினார். அவற்றுள் சில பீட்டர்ஸ்பர்க் முற்றுகையில் பயன்பட்டன. 1865இல் போர் முடிந்தது. போரைச் சுருக்குவதற்காகச் செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் துப்பாக்கி, அந்தப் போரில் ஏறத்தாழ எந்தப் பங்கும் வகிக்கவில்லை.

இதற்கிடையே உலோகக் கூடு கொண்ட தோட்டாக்கள் வந்தன. கேட்லிங் தம் துப்பாக்கியை அவற்றுக்கேற்பத் திருத்தினார். 1866ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் அதனை ஏற்று 100 துப்பாக்கிகளுக்கு ஆணை கொடுத்தது. அவற்றைச் செய்யும் பொறுப்பைக் கோல்ட் நிறுவனம் ஏற்றது. 1870இல் கேட்லிங்கும் அந்நிறுவனம் இருந்த ஹார்ட்ஃபர்ட் நகருக்கே குடிபெயர்ந்தார்.

உலகம் சுற்றிய துப்பாக்கி

அதன்பின் அவருக்கு ஏறுமுகம்தான். ரஷ்யா வாங்கியது, துருக்கி வாங்கியது, பிரிட்டன் வாங்கியது. யாருக்கு விற்பது, யாருக்கு விற்கக்கூடாது என்ற தயக்கம் அந்த வணிகத்தில் இல்லை.

பெரிய படைகளைச் சிறிதாக்கும் என்று சொல்லப்பட்ட அந்தக் கருவி உண்மையில் என்ன செய்தது என்று பாருங்கள். 1879ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் சூலு மக்களுக்கு எதிராகப் பிரிட்டிஷ் படை இதனைப் பயன்படுத்தியது. 1882இல் எகிப்திலும் பயன்படுத்தியது. ஒரு பக்கம் ஈட்டியும் கேடயமும் பழைய துப்பாக்கிகளும்; மறு பக்கம் சுழலும் குழல்கள். ஆம், சிறிய படை போதுமானதாக இருந்தது. சிறிய படையைக் கொண்டு பெரிய மக்களினத்தை அடக்குவது எளிதாயிற்று. கேட்லிங்கின் கணக்கில் ஒரு பாதி இவ்வாறு பலித்தது. ஆனால் அந்தக் கணக்கில் எதிர்ப்பக்கத்து மனிதர்கள் எண்ணப்படவே இல்லை. குடியேற்ற ஆட்சியைத் தம் வரலாற்றில் கண்ட மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இதனை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

1898ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், கியூபாவின் சான் ஹுவான் குன்றுகளில் ஸ்பானியப் படையை எதிர்த்து அமெரிக்கர்கள் முன்னேறியபோது, இளம் அதிகாரியான ஜான் பார்க்கரின் கேட்லிங் பிரிவு அவர்களுக்குத் துணை நின்றது. அதுவே அந்தத் துப்பாக்கியின் கடைசிப் பெரும் புகழ்.

மோட்டாரும் மறதியும்

ஏனெனில் அதற்குள் போட்டியாளர் வந்துவிட்டார். 1884ஆம் ஆண்டளவில் ஹிராம் மாக்சிம் என்பவர், சுடும்போது எழும் பின்னுதைப்பையே விசையாகக் கொண்டு தானாகவே இயங்கும் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கினார். அதற்குக் கைப்பிடி சுழற்றும் ஆள் தேவையில்லை. ஒற்றைக் குழல் என்பதால் எடையும் குறைவு.

கேட்லிங்குக்கு அப்போது எழுபது வயதைத் தாண்டியிருந்தது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கைப்பிடிக்குப் பதிலாக மின்மோட்டாரைப் பொருத்தினால் என்ன என்று சிந்தித்தார். 1893இல் அதற்கும் காப்புரிமை பெற்றார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 முறை சுடும் வேகம் கிட்டியது. ஆனால் அன்றைய போர்க்களத்தில் மின்சாரத்துக்கு எங்கே போவது? அவ்வளவு வேகம்தான் யாருக்குத் தேவை? எனவே அந்தக் கருத்து ஏட்டில் உறங்கிவிட்டது. 1911ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் கேட்லிங் துப்பாக்கியைக் காலாவதியானது என்று ஒதுக்கியது.

அதைக் காண அவர் உயிரோடு இல்லை. முதுமையில் தவறான முதலீடுகளால் பெரும் பணத்தை இழந்திருந்தார். 1891இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர், உற்பத்தியாளர் சங்கத்தின் முதல் தலைவராகும் பெருமை கிடைத்தது. கழிவறை, மிதிவண்டி, கம்பளி தூய்மையாக்குதல் என்று பலவற்றிலும் அவர் கை வைத்தார். கடைசியாக அவர் செய்ய முனைந்தது எது தெரியுமா? மோட்டாரால் இயங்கும் உழவுக் கலப்பை. அதற்காகவே எண்பது வயதுக்கு மேல் மீண்டும் செயிண்ட் லூயிஸ் நகருக்குச் சென்றார். அந்த முயற்சி முழுமை பெறுவதற்குள், 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், நியூயார்க்கில் தம் மகளின் வீட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 84. உழவுக் கருவியில் தொடங்கி உழவுக் கருவியிலேயே முடிந்தது அந்த வாழ்க்கை. இடையில் செய்த ஒரு துப்பாக்கிதான் அவர் பெயராக நின்றுவிட்டது.

வானத்தில் மறுபிறவி

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் விமானங்களின் வேகம் கூடிக்கொண்டே போனது. இலக்கு கண்ணுக்குத் தெரிவதே ஒரு சில நொடிகள். அந்தச் சில நொடிகளுக்குள் போதிய தோட்டாக்களைச் செலுத்த வேண்டும். ஒற்றைக் குழலால் அது இயலவில்லை. அமெரிக்கப் பொறியாளர்கள் பழைய கேட்லிங் துப்பாக்கி ஒன்றை எடுத்து, அதில் மின்மோட்டாரைப் பொருத்திச் சுட்டுப் பார்த்தார்கள். வேகம் நிமிடத்துக்கு ஐயாயிரத்தைத் தாண்டியது. கேட்லிங் 1893இல் எழுதி வைத்த விடைக்கு ஏற்ற கேள்வி, அரை நூற்றாண்டு கழித்துத்தான் பிறந்தது.

1946ஆம் ஆண்டு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் இந்த வேலையை ஏற்றது. எம்-61 வல்கன் என்ற 20 மில்லிமீட்டர் துப்பாக்கி உருவானது. ஆறு குழல்கள், நிமிடத்துக்கு 6,000 சுடுகைகள். ஒரு குழலுக்குக் கணக்கிட்டால் நிமிடத்துக்கு 1,000 மட்டுமே. சூட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய உத்திதான். இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு தோட்டா வெடிக்கத் தவறினாலும், சுழற்சி நிற்காமல் அதனை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடும்.

1960களில் அமெரிக்காவின் எஃப்-4 பாண்டம் விமானம், தொடக்க வகைகளில் துப்பாக்கியே இல்லாமல் வந்தது. ஏவுகணை இருக்கும்போது துப்பாக்கி எதற்கு என்று எண்ணினார்கள். வியட்நாம் போர் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. விமானத்தைத் திறந்து மாற்றியமைக்கக் காலம் பிடிக்கும். எனவே வல்கன் துப்பாக்கியை ஒரு கூட்டுக்குள் வைத்து வெளியே தொங்கவிட்டார்கள். எஸ்.யு.யு.-16 என்பது அந்தக் கூட்டின் பெயர். அதில் 1,200 தோட்டாக்கள் இருந்தன. கூட்டிலிருந்து ஒரு சிறு காற்றாடி வெளியே நீண்டு, எதிர்க்காற்றால் சுழன்று, குழல்களைச் சுழற்றியது. அடுத்து வந்த எஸ்.யு.யு.-23 கூட்டில், சுடும்போது எழும் வாயுவே குழல்களைச் சுழற்றியது. முதலில் கை, பிறகு மின்சாரம், பிறகு காற்று, அதன்பின் வெடிமருந்தின் வாயு. சுழற்றும் விசை மாறியதே தவிர, சுழலும் அமைப்பு மாறவில்லை. கணக்கிட்டுப் பார்த்தால் 1,200 தோட்டாக்களும் 12 நொடிகளில் தீர்ந்துவிடும்.

அதே போரில் 7.62 மில்லிமீட்டர் சிறு வகைக் கூடுகளும் வந்தன. ஏசி-47 என்ற பழைய சரக்கு விமானத்தின் பக்கவாட்டில் மூன்று கூடுகளைப் பொருத்தி, இரவில் வட்டமிட்டபடியே தரையை நோக்கிச் சுட்டார்கள்.

துப்பாக்கிக் கூட்டுக்குக் குறைகளும் உண்டு. வெளியே தொங்குவதால் காற்றுத் தடை கூடும். விமான உடலோடு இறுகப் பொருத்திய துப்பாக்கியைப் போல அது அசையாமல் நிற்காது. சுடும்போது கூடு அதிர, குறியும் விலகும். 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. ஜி.பி.யு.-5 என்ற 30 மில்லிமீட்டர் கூட்டை எஃப்-16 விமானங்களில் மாட்டித் தரை இலக்குகளைத் தாக்க அனுப்பினார்கள். அதிர்வினால் குறி சரியாக அமையவில்லை. மிகச் சில பறப்புகளுக்குப் பின் அந்தக் கூடுகளைக் கழற்றிவிட்டார்கள். எனினும் கருத்து மறையவில்லை. எஃப்-35பி வகை விமானத்தில் உள்ளமைந்த துப்பாக்கி கிடையாது. நான்கு குழல் கொண்ட 25 மில்லிமீட்டர் துப்பாக்கி, 220 தோட்டாக்களோடு, வயிற்றுக்கு அடியில் மாட்டும் கூடாகவே வருகிறது. இந்த வகை விமானங்கள் 12 வாங்குவதென்று சிங்கப்பூர் 2023ஆம் ஆண்டுக்குள் முடிவு செய்தது. ஆக, கேட்லிங்கின் கதை நமக்குத் தொலைவானது அன்று.

கணக்கு எங்கே தவறியது?

இனி, தொடக்கத்தில் நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு வருவோம். கேட்லிங்கின் கணக்கு, துப்பாக்கி ஒன்று நூறு பேரின் வேலையைச் செய்தால் அரசுகள் தொண்ணூற்றொன்பது பேரை வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று நம்பியது. அரசுகள் அப்படிச் செய்யவில்லை. நூறு பேரையும் வைத்துக்கொண்டு நூறு துப்பாக்கிகளையும் வாங்கின. எதிரியிடம் ஒன்று இருந்தால் தன்னிடம் இரண்டு இருக்க வேண்டும் என்று ஒவ்வோர் அரசும் நினைத்தது. 1916ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், பிரான்சின் சோம் போர்க்களத்தில், பெரும்பாலும் இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் எதிரே நடந்து சென்ற பிரிட்டிஷ் வீரர்களில் 19,000க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் மாண்டார்கள். அங்கே முழங்கியவை கேட்லிங்கின் துப்பாக்கிகள் அல்ல. மாக்சிம் வகையைச் சேர்ந்தவை. ஆனால் இயந்திரம் சுடும், மனிதன் மிஞ்சுவான் என்ற நம்பிக்கை அன்று அந்த மண்ணில் புதைந்தது.

அப்படியானால் படைமுகாம்களில் நோயால் மடிவோரின் பங்கு பிற்காலத்தில் குறைந்தது எதனால்? தூய குடிநீரால், தடுப்பூசியால், காயத்தைக் கிருமி நீக்கித் தூய்மையாக்கியதால், பிறகு பெனிசிலின் போன்ற மருந்துகளால். அதாவது, கேட்லிங் விரும்பிய நன்மையைச் செய்து முடித்தது அவர் கண்டுபிடித்த துப்பாக்கி அன்று. அவர் கற்றுவிட்டுக் கைவிட்ட மருத்துவம்தான். நோயை அவர் சரியாகவே கண்டறிந்தார். மருந்தைத்தான் தவறாக எழுதிவிட்டார்.

அவரைத் தீயவர் என்று சொல்வது எளிது. அவர் நல்லவர், பிறர்தாம் தவறாகப் பயன்படுத்தினர் என்று சொல்வது அதைவிட எளிது. இரண்டும் முழு உண்மையாகா. விதைக் கருவியைச் செய்தபோது உழவன் அதை வைத்து என்ன செய்வான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. துப்பாக்கியைச் செய்தபோது அரசு அதை வைத்து என்ன செய்யும் என்பதை அவர் ஆராயவில்லை; தாம் விரும்பியதையே அரசும் விரும்பும் என்று எண்ணிவிட்டார்.

நண்பர்களே, நம்மில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் பொறியாளராகவும் மருத்துவராகவும் கணினி வல்லுநராகவும் வெளியே செல்வோம். பட்டம் பெற்றுச் சென்ற மூத்தவர்கள் ஏற்கெனவே அந்தப் பணிகளில் இருக்கிறார்கள். நாம் செய்யும் பொருளோடு நம் நல்லெண்ணத்தையும் சேர்த்துப் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது. பொருள் மட்டுமே போய்ச் சேரும். அதை வாங்குபவர் யார், அவருக்கு வேண்டியது என்ன என்ற கேள்வியைத் தொழிற்கூடத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டியது செய்பவரின் பொறுப்பு. அடுத்த வான்கண்காட்சியில் ஒரு விமானத்தின் அடியில் அந்த உருளையைக் காண நேர்ந்தால், கோதுமை வயலில் வரிசை வரிசையாக விதை இறக்கிய அந்தக் கையையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.